முள்ளங்கிச் சாறு மூட்டிய வழக்கு

1964-ஆம் ஆண்டு டிசம்பரிலே, தென்கொரியாவின் தலைநகரான சியோல் நகரிலே நடந்த நுழைவுத் தேர்வால் தாய்மார் கூட்டம் ஒன்று வெகுண்டெழுந்தது. அவர்கள் சட்டி ஏந்திக் கல்வி அலுவலகம் சென்றனர். சட்டியிலே இருந்தது பிச்சைச் சோறல்ல, மிட்டாய்!

ஆறாண்டு தொடக்கக் கல்வி முடித்த சிறுவர்கள், நடுநிலைப் பள்ளியிலே சேர எழுதிய தேர்வு அது. மிட்டாய் காய்ச்சும்போது முளைகட்டிய தானியத்துக்குப் பதிலாக எதை இடலாம் என்பது ஒரு வினா. டயஸ்டேஸ் என்ற பொருளே விடை என்றனர் தேர்வாளர். முள்ளங்கிச் சாறு என்று குறித்தோர் தோற்றனர். முள்ளங்கியிலும் டயஸ்டேஸ் உண்டே! தாய்மார் வாதம் செய்து கொண்டிருக்கவில்லை. முள்ளங்கிச் சாற்றிலே மிட்டாய் காய்ச்சி எடுத்துச் சென்றனர். வழக்குமன்றம் 1965-இலே அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 38 மாணவருக்கு இழந்த இடம் கிடைத்தது.

ஒற்றை மதிப்பெண்ணுக்கா இத்தனை போராட்டம்? ஆம்! கியோங்கி போன்ற புகழ்பெற்ற பள்ளியிலே நுழைந்தால் பல்கலைக் கழகம். அதிலே நுழைந்தால் பதவி, பட்டம், பவிசு. படி ஒன்று தவறினால் பாதை அடைபட்டது.

இந்த வழக்கம் நேற்று முளைத்ததல்ல. கி.பி. 958 முதல் 1894 வரை அந்நாட்டிலே அரசுப் பணிக்கான தேர்வு நடந்தது. சோசன் மன்னர் காலத்திலே உழவன் மகனும் எழுதலாம் என்றது சட்டம். ஆண்டுக்கணக்கிலே அமர்ந்து படிக்க ஓய்வும் பொருளும் படைத்திருந்ததோ யாங்பான் என்ற மேட்டுக்குடி! ‘தகுதி’ எவர் வீட்டிலே தங்கியது என்பதை நாம் விளக்கவும் வேண்டுமோ?

அச்சம் உள்ள இடத்திலே மூடநம்பிக்கைக்கு விருந்துதானே! கொரிய மொழியிலே ஒட்டுதலுக்கும் தேர்வில் தேறுதலுக்கும் சொல் ஒன்றே. எனவே, பள்ளி வாயிற்கதவிலே மிட்டாயை ஒட்டினர். கடற்பாசிச் சாறு வழுக்கும் என்று தேர்வு நாளிலே அதை ஒதுக்கினர். பல்கோங் மலையிலே, ஆசையை அறு என்று போதித்த புத்தரின் சிலைமுன் மதிப்பெண் கேட்டு வணங்குகின்றனர். அதே மிட்டாயைக் காய்ச்சி உண்மையை மெய்ப்பித்த தாய்மாரை நாம் போற்றுகிறோம். கதவிலே ஒட்டியவரைக் கண்டு இரங்குகிறோம்.

1968-இலே அரசு நடுநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வை ஒழிப்பதாக அறிவித்தது. 1969-இலே சியோலிலே குலுக்கல் முறை வந்தது; கையால் சுழற்றும் பெட்டியிலிருந்து விழும் உருண்டை பள்ளியைக் காட்டியது. 1971-க்குள் நாடெங்கும் பரவிற்று. ‘தரம் கெடும்’ என்று புலம்பினர் சிலர். பன்னிரண்டு வயதுப் பிஞ்சின் தோளிலிருந்து பாரம் இறங்கியதே, அது சிறிய காரியமா? நாம் அதைச் சாதனை என்றே சொல்வோம்.

ஆனால், உச்சியிலே பல்கலைக் கழக வாயில் குறுகலாகவே நின்றது. 1974-இலே சியோலிலும் பூசானிலும் உயர்நிலைப் பள்ளித் தேர்வும் போயிற்று; பாரம் பதினெட்டு வயதின்மீது ஏறிற்று. நான்கு மணி நேரம் உறங்கினால் தேர்ச்சி, ஐந்து மணி நேரம் உறங்கினால் தோல்வி என்பது மாணவர் வழக்குமொழியாயிற்று. பணமுள்ளோர் தனிப்பயிற்சியை விலைக்கு வாங்கினர். 1980-இலே இராணுவ ஆட்சி அதைத் தடை செய்தது. அது மறைவிலே நடந்தது, விலையும் ஏறிற்று. 2000-இலே அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாதென்றது.

பயிற்சிக் கூடங்கள் இரவு பத்து மணிக்கு மூடப்பட வேண்டுமென்று சியோலிலே விதி செய்தனர். அதையும் எதிர்த்து வழக்காடினர். 2009-இலே அதே நீதிமன்றம், விதி செல்லும் என்றது. பிள்ளைகள் பத்து மணிக்கு வகுப்பை விட்டு வெளியேறினர்.