முத்திரை குத்தினார்கள், முத்திரையைப் பார்க்கவில்லை

2004 பெப்ரவரியில் ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்தின் வலையமைப்பு நிரலுக்குள் ஒரு புதிய வசதி வந்தது. வெளியே போகும் டிசிபி பொதிகளில் இரகசிய முத்திரை ஒன்றைக் குத்துகிற வசதி. உள்ளே வரும் பொதிகளின் முத்திரையை அது பார்க்கவேயில்லை. பார்க்கத் தொடங்கியது 2011 ஏப்ரலில்தான். முதலில் வாசித்தபோது பகிடி என்றுதான் நினைத்தேன்.

டிசிபி 1981இல் எழுதப்பட்டபோது பொதி வழியில் பழுதானதா என்று பார்க்க 16 பிட் கூட்டுத்தொகை ஒன்று இருந்தது. அது பழுதைத்தான் பிடிக்கும், கள்ளனைப் பிடிக்காது. கூட்டத் தெரிந்த எவனும் சரியான தொகையோடு போலிப் பொதி செய்யலாம். சாதாரணமாக நாங்கள் ஒரு பக்கம் திறக்கிற இணைப்பு சில நொடிகளில் முடிந்துவிடும், அதனால் பெரிய சேதமில்லை. ஆனால் இணைய நிறுவனங்களின் ரவுட்டர்கள் பாதைகளைப் பரிமாறும் பிஜிபி இணைப்பு நாள்கணக்காக, மாதக்கணக்காக நிற்கும். அது அறுந்தால் அதன் வழி கற்ற பாதைகள் எல்லாம் அழிந்து, அந்தப் பக்கமே எட்டாமல் போகும்.

இதற்காக 1998இல் ஆர்எஃப்சி 2385 வந்தது. தலைப்பு, தரவு, இரு பக்கமும் பகிர்ந்த இரகசியச் சொல் மூன்றையும் சேர்த்து எம்டி5இல் போட்டு வருகிற 16 பைட்டைப் பொதியிலேயே வைத்து அனுப்பவேண்டும். பெறுகிறவர் தானும் கணக்குப் போட்டுப் பார்த்து, ஒத்துவராவிட்டால் பதில்கூடச் சொல்லாமல் எறிந்துவிடவேண்டும்.

ஃபிரீபிஎஸ்டி இதில் முதல் பாதியை மட்டும் எடுத்தது. காரணம் சோம்பேறித்தனம் இல்லை. பெரிய இணைப்பு மையங்கள் பலவற்றில் இந்த முத்திரை இல்லாமல் சேரவே முடியாது என்ற நிலை. சிஸ்கோ ரவுட்டர் முத்திரை கேட்கும், குத்திக் கொடுத்தால் இணைப்பு எழும்பும். அதற்கு வெளியே போகும் பொதி சரியாக இருந்தாலே போதும். நிரலைச் சேர்த்தவர் இதை மறைக்கவுமில்லை. உள்ளே வருவதைச் சரிபார்க்கவில்லை என்று சேர்க்கும்போதே எழுதிவைத்தார், கையேட்டிலும் அது இருந்தது. கையேட்டை யார் வாசிக்கிறது, சொல்லுங்கோ!

இரண்டு மாதத்தில், 2004 ஏப்ரலில், போல் வாட்சனின் ஆய்வு வெளிவந்தது. இணைப்பை அறுக்கும் போலிப் பொதிக்கு 32 பிட் வரிசை எண்ணைச் சரியாக ஊகிக்கவேண்டும், 400 கோடிக்கு மேல் சாத்தியம் என்று ஆறுதலாக இருந்தார்கள். சரியான எண் தேவையில்லை, பெறுநரின் சாளரத்துக்குள் விழுந்தால் போதும் என்று அவர் காட்டினார். சாளரம் 65 ஆயிரம் அளவு என்றால் முயற்சிகளும் ஏறத்தாழ அவ்வளவுதான். ரவுட்டர் வைத்திருந்தவர்கள் அவசர அவசரமாக எம்டி5 கடவுச்சொல் போட ஓடினார்கள்.

ஃபிரீபிஎஸ்டியில் ரவுட்டர் ஓட்டியவரும் போட்டிருப்பார். அவருடைய சிஸ்கோ அயலவர் போலியை மறித்திருக்கும். அவருடைய பக்கமோ முத்திரையில்லாத 'அறு' கட்டளையையும் ஏற்றுக்கொண்டிருக்கும். படலைக்கு வெளியே போகிறவனுக்கு அடையாள அட்டை கொடுத்துவிட்டு, உள்ளே வருகிறவனை ஒண்டும் கேட்காத காவல் மாதிரி. ஒரு முனை அறுந்தால் இணைப்பே போச்சு, மற்ற முனையின் கவனம் உதவாது.

லினக்ஸ் 2007இல் இதே வசதியைச் சேர்த்தபோது வருவதையும் சரிபார்த்தது. ஃபிரீபிஎஸ்டியில் 2011இல் அந்தப் பாதி வந்தபோதும் ஒரு தயக்கம் தெரிகிறது. ஒவ்வொரு பொதிக்கும் எம்டி5 கணக்குப் போடுவது செலவு என்று, சரிபார்ப்பை நிறுத்தி வைக்க ஒரு சுவிட்சையும் கூடவே வைத்தார்கள்.