அமெரிக்கச் சுதந்திரப் போர்: காரணங்களும் போக்கும்

1

'குடியேற்றநாடு' என்னும் சொல்லை நாம் இருவேறு பொருள்களில் வழங்கி வருகின்றோம். வேர்ஜினியாவும் குடியேற்றநாடு, இலங்கையும் குடியேற்றநாடு. ஆயின் இலங்கையில் அந்நியராட்சிக்கு உட்பட்டோர் அந்த மண்ணின் மக்கள். வேர்ஜினியாவில் அவ்வாட்சியை எதிர்த்தெழுந்தோரோ, பூர்வீகக் குடிகளின் நிலத்தில் வந்து குடியேறியோர். இவ்வேறுபாட்டை ஒரே சொல் மறைத்து விடுகின்றது. இதனாற் போலும், 1776 இல் சுதந்திரப் பிரகடனஞ் செய்த அமெரிக்கக் குடியேற்றவாசிகளை ஆசிய, ஆபிரிக்க விடுதலை இயக்கங்களின் நேரடி முன்னோடிகளெனப் போற்றுவோர் ஒருபுறமும், அடிமை எசமானர் நடத்திய வெறும் வரித் தகராறு என அப்போரைப் புறந்தள்ளுவோர் மறுபுறமுமாக நிற்கின்றனர். இரு பார்வைகளும் வரலாற்றியக்கத்தைக் காணத் தவறுகின்றன. எந்த வர்க்கங்கள், எந்த நலன்களுக்காக, எவரோடு இணைந்து, எவரை விலக்கிப் போராடின என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினாவாகும்.

2

1607 இல் ஜேம்ஸ்டவுனில் தொடங்கிய ஆங்கிலக் குடியேற்றம், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அத்திலாந்திக் கரையோரத்திற் பதின்மூன்று குடியேற்றநாடுகளாக விரிந்திருந்தது. இவற்றின் பொருளாதாரம் ஒருபடித்தானதன்று. தெற்கே அடிமை உழைப்பைக் கொண்டு புகையிலை, நெல், அவுரி ஆகியவற்றை விளைவித்த பெருந்தோட்டங்கள். வடக்கே மீன்பிடி, கப்பல் கட்டுதல், கடல் வணிகம். இடைப்பகுதியிலே தானியம் விளைவித்த சிறு, நடுத்தர விவசாயிகள்.

இவை யாவற்றையும் பிரித்தானிய வணிக மூலதனத்தின் தேவைகளுக்குக் கட்டுப்படுத்துவதே ஏகாதிபத்தியக் கொள்கையாக இருந்தது. 1651 முதல் இயற்றப்பெற்ற கடற்பயணச் சட்டங்கள், குறிப்பிட்ட விளைபொருள்களைப் பிரித்தானியாவுக்கே அனுப்ப வேண்டுமென விதித்தன. 1732 இன் தொப்பிச் சட்டமும் 1750 இன் இரும்புச் சட்டமும் குடியேற்றநாட்டுக் கைத்தொழில் வளர்ச்சிக்குத் தடையிட்டன. எனினும் நெடுங்காலம் இச்சட்டங்கள் இறுக்கமாக நடைமுறைப்படுத்தப்படவில்லை. கள்ளக் கடத்தல் பரவலாக நடைபெற்றது. அந்தத் தளர்விலே உள்நாட்டு வணிக வர்க்கம் வலுப்பெற்றது. உற்பத்திச் சக்திகள் வளர வளர, அவற்றைப் பிணித்திருந்த அரசியற் கட்டமைப்பு விலங்காக உணரப்படலாயிற்று.

3

இம்முரண்பாட்டை வெளிப்படையாக்கியது 1763 ஆம் ஆண்டு. பிரான்சுடனான ஏழாண்டுப் போரில் பிரித்தானியா வென்றது. கனடா அதன் கைக்கு வந்தது. ஆயின் போரின் முடிவிற் பிரித்தானியாவின் தேசியக் கடன் ஏறத்தாழ 13 கோடி பவுணாக உயர்ந்திருந்தது. அச்சுமையின் ஒரு பகுதியைக் குடியேற்றநாடுகள் மீது ஏற்றப் பாராளுமன்றம் முனைந்தது. மறுபுறத்தில், பிரெஞ்சுப் படைகள் வெளியேறியதனால், குடியேற்றவாசிகளுக்குப் பிரித்தானியப் பாதுகாப்பின் தேவை குறைந்தது. வெற்றியே பிளவுக்கு வழிகோலியது எனலாம்.

அவ்வாண்டு ஒக்டோபரில் வெளியான அரச பிரகடனம், அப்பலாச்சிய மலைகளுக்கு அப்பாற் குடியேறுவதைத் தடை செய்தது. இது நிலம் நாடிய ஏழை விவசாயியை மட்டுமன்றி, ஒஹாயோப் பள்ளத்தாக்கு நிலங்களில் ஊக வாணிபம் செய்த ஜோர்ஜ் வாஷிங்டன் போன்ற தோட்ட உரிமையாளரையும் பாதித்தது. இலண்டன் வணிகரிடம் பெருங்கடன் பட்டிருந்த புகையிலைத் தோட்டக்காரர் ஏற்கெனவே அதிருப்தியுற்றிருந்தனர். 1764 இன் சர்க்கரைச் சட்டம் வடபுல வணிகரைத் தாக்கியது. 1765 இன் முத்திரைச் சட்டம் நீதிமன்றப் பத்திரங்கள், செய்தித்தாள்கள், பிரசுரங்கள் முதலியவற்றின் மீது வரி விதித்தது. கருத்தை உருவாக்கவல்ல வழக்கறிஞரையும் அச்சகத்தாரையும் ஒரே வேளையிற் பகைத்துக் கொண்டது.

பிரதிநிதித்துவம் இல்லாத வரிவிதிப்பை ஏற்க முடியாதென்ற கோரிக்கை இச்சூழலிலேயே எழுந்தது. அது வெறும் சட்டவாதம் அன்று. வேறுபட்ட நலன்களைக் கொண்ட வர்க்கங்களைத் தற்காலிகமாக ஒன்றிணைத்த அரசியல் முழக்கமாகும்.

4

இம்முழக்கத்துக்குத் தெருவில் உயிர் கொடுத்தோர் நகர்ப்புற உழைப்பாளரே. 1765 ஓகஸ்டில் பொஸ்டன் நகரில் முத்திரை விநியோகத்தரின் கொடும்பாவியைத் தூக்கிலிட்ட கூட்டத்தை வழிநடத்தியவர் எபெனேசர் மக்கின்ரொஷ் என்னும் செருப்புத் தொழிலாளி. சில நாட்களின் பின் துணை ஆளுநரின் மாளிகை தகர்க்கப்பட்டபோது, எதிர்ப்பை ஆதரித்த செல்வந்தர்களே அஞ்சினர். மக்கள் கோபம் அரசனோடு நிற்குமா, தம்மையும் தொடுமா என்ற ஐயம் புரட்சிக் காலம் முழுவதும் அவர்களை விட்டகலவில்லை.

1766 இல் முத்திரைச் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் 1767 இல் டவுன்சென்ட் தீர்வைகள் வந்தன. 1770 மார்ச் 5 இற் பொஸ்டனில் படையினர் சுட்டதில் ஐவர் மாண்டனர். அவருள் ஒருவர் கறுப்பின, பூர்வீகக் குடிக் கலப்பினரான கிறிஸ்பஸ் அட்டக்ஸ் என்னும் கப்பற் தொழிலாளி.

1773 இன் தேயிலைச் சட்டம் ஆசிய வாசகராகிய நமது தனிக் கவனத்துக்குரியது. 1770 இல் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் அழித்தது. அதனையடுத்த ஆண்டுகளிற் கிழக்கிந்தியக் கம்பனி நிதி நெருக்கடியில் வீழ்ந்தது. அதன் களஞ்சியங்களிற் சீனத் தேயிலை விலைபோகாது குவிந்து கிடந்தது. கம்பனியைக் காப்பாற்றவே, அத்தேயிலையை நேரே அமெரிக்காவுக்கு அனுப்பும் சலுகை வழங்கப்பட்டது. அதனால் தேயிலை விலை குறையும் என்பது உண்மை. எனினும் வரி செலுத்தும் கடப்பாடு நிலைத்தது. உள்ளூர் வணிகரை ஒதுக்கும் ஏகபோகமும் உருவாயிற்று. கம்பனி ஆசியாவில் இழைத்த கொடுமைகளைச் சுட்டிக்காட்டி, அதே கதி அமெரிக்காவுக்கும் நேருமென எச்சரித்தார் ஜோன் டிக்கின்சன். டிசம்பர் 16 இரவு 342 தேயிலைப் பெட்டிகள் பொஸ்டன் துறைமுகத்திற் கடலில் வீசப்பட்டன.

அத்தேயிலையைக் கொணர்ந்த கப்பல்களில் ஒன்றான டார்ட்மவுத், வேறொரு பொருளையும் ஏற்றி வந்திருந்தது. ஆபிரிக்காவிலிருந்து சிறுமியாகக் கடத்தப்பட்டுப் பொஸ்டனில் விற்கப்பட்ட பில்லிஸ் வீட்லி என்னும் அடிமைப் பெண்ணின் கவிதைத் தொகுதிப் பிரதிகளே அவை. அந்நூல் அவ்வாண்டு இலண்டனில் அச்சேறியது. வரியிடப்பட்ட தேயிலையும் அடிமைப் பெண்ணின் கவிதைகளும் ஒரே கப்பலில் வந்து சேர்ந்தன. இப்புரட்சியின் முரண்பாட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது.

5

1774 இன் தண்டனைச் சட்டங்கள் பொஸ்டன் துறைமுகத்தை மூடி, மசச்சூசெட்ஸின் சுயாட்சியைக் குறைத்தன. செப்டெம்பரிற் பிலடெல்பியாவில் முதலாவது கண்டப் பேரவை கூடியது. 1775 ஏப்ரல் 19 இல் லெக்சிங்டனிலும் கொன்கோர்ட்டிலும் துப்பாக்கிகள் முழங்கின. ஆயினும் போர் தொடங்கிய பின்னரும் பலர் அரசனோடு இணக்கத்தையே நாடினர். அத்தயக்கத்தை உடைப்பதற் பெரும்பங்கு வகித்தது ஒரு சிறு பிரசுரம்.

1776 ஜனவரியில் தோமஸ் பெயின் வெளியிட்ட 'பொது அறிவு' இலக்கிய மாணவருக்கும் முக்கியமானது. முன்னாட் சட்டை உள்வார் தைப்பவரும் தீர்வை அலுவலருமான பெயின், இங்கிலாந்திலிருந்து வந்து ஓராண்டுக்குச் சற்றே கூடிய காலமே ஆகியிருந்தது. அன்றைய அரசியற் பிரசுரங்கள் இலத்தீன் மேற்கோள்களாலும் சட்ட நுணுக்கங்களாலும் கற்றோருக்கென்றே எழுதப்பட்டன. பெயினோ, பட்டறையிலும் மதுச்சாலையிலும் உரக்க வாசிக்கத்தக்க எளிய நடையில், எல்லோருமறிந்த விவிலியக் கதைகளைக் கொண்டு, முடியாட்சி என்னும் நிறுவனத்தையே தாக்கினார். மக்கள் அரசியலில் நுழையும்போது உரைநடையும் மாறுகின்றது என்பதற்கு இது சிறந்த சான்றாகும்.

அவ்வாண்டு ஜூலை 4 இல் சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்டது. போரின் தொடக்கம் குடியேற்றவாசிகளுக்குச் சாதகமாயிருக்கவில்லை. நியூ யோர்க் பறிபோயிற்று. டிசம்பரில் ட்ரென்டனிற் பெற்ற வெற்றி நம்பிக்கையை மீட்டது. 1777 ஒக்டோபரிற் சரடோகாவில் ஒரு பிரித்தானியப் படை முழுவதும் சரணடைந்தமை திருப்புமுனையாயிற்று; 1778 இற் பிரான்ஸ் கூட்டுச் சேர்ந்தது. பிரித்தானியாவைப் பழிவாங்க முனைந்த பிரெஞ்சு முடியாட்சி, குடியரசுக்குத் துணைநின்றது. அதனாற் பெருகிய கடன் அம்முடியாட்சியின் வீழ்ச்சியையே விரைவுபடுத்தியது. 1781 இற் பிரெஞ்சுக் கடற்படை கடல்வழியை அடைக்க, ஒக்டோபர் 19 இல் கோர்ன்வாலிஸ் யோர்க்டவுனிற் சரணடைந்தார். 1783 செப்டெம்பர் 3 இற் பாரிஸ் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று.

6

சுதந்திரம் எவருக்குக் கிடைத்தது? ஏறத்தாழ 25 இலட்சம் மக்களில் ஐந்திலொரு பகுதியினர் அடிமைகள். பிரகடனத்தை வரைந்த ஜெபர்சனே அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர். அடிமை வணிகத்தைக் கண்டித்து அவர் எழுதிய பகுதியும் பேரவையில் நீக்கப்பட்டது. 1775 நவம்பரில் வேர்ஜினிய ஆளுநர் டன்மோர், கிளர்ச்சியாளரின் அடிமைகள் பிரித்தானியப் படையிற் சேர்ந்தால் விடுதலை பெறுவரென அறிவித்தார். அது மனிதாபிமானமன்று, போர்த் தந்திரம். எனினும் விடுதலை நாடிய அடிமைக்கு அரசனின் கொடியே அண்மையில் இருந்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது. பூர்வீகக் குடிகளின் நிலை இதனினும் கொடிது: 1779 இல் வாஷிங்டனின் ஆணைப்படி ஈரோகுவா மக்களின் கிராமங்களும் பயிர்களும் எரிக்கப்பட்டன. பாரிஸ் உடன்படிக்கை அவர்களைக் குறிப்பிடாமலே அவர்தம் நிலத்தைக் கைமாற்றியது.

போரிட்ட விவசாயிகளும் ஏமாற்றமடைந்தனர். கடனாலும் வரியாலும் நிலமிழந்த மசச்சூசெட்ஸ் விவசாயிகள், முன்னாட் போர்வீரர் டானியல் ஷேஸ் முதலியோர் தலைமையில் 1786 இற் கிளர்ந்தெழுந்து ஒடுக்கப்பட்டனர். அவ்வச்சத்தின் நிழலிலேயே 1787 இன் அரசியலமைப்பு உருவாயிற்று. அடிமைகளைப் பிரதிநிதித்துவக் கணக்கில் ஐந்தில் மூன்றாகக் கொண்ட அது, சொத்துடைமைக்கு வலுவான மத்திய அரசை அமைத்தது.

7

பேரரசு ஓரிடத்தில் இழந்ததை மற்றோரிடத்தில் ஈடுசெய்ய முனைந்தது. அமெரிக்கக் கிளர்ச்சியாளரோடு ஒல்லாந்தர் வணிகம் செய்தமை, 1780 டிசம்பரில் பிரித்தானியா அவர்மீது போர் அறிவிக்கக் காரணங்களில் ஒன்றாயிற்று. அதன் விளைவாக 1781 நவம்பரில் நாகபட்டினமும் 1782 ஜனவரியில் திருகோணமலையும் பிரித்தானியர் வசமாயின. திருகோணமலை அவ்வாண்டே பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்து, பின்னர் ஒல்லாந்தரிடம் மீண்டது, நாகபட்டினம் மீளவில்லை. யோர்க்டவுனில் தோற்ற கோர்ன்வாலிஸ் 1786 இல் இந்தியாவின் ஆளுநர் நாயகமாக வந்து, 1793 இல் வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தை நிறுவினார். ஒரு கண்டத்தின் சுதந்திரமும் மறு கண்டத்தின் அடிமைத்தளையும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள்.

ஆகவே அமெரிக்கச் சுதந்திரப் போர் முதலாளித்துவப் புரட்சியே; ஆயின் முற்றுப்பெறாத புரட்சி. முடியாட்சியை நிராகரித்துக் குடியரசை நிறுவியமை அதன் முற்போக்குக் கூறு. அதன் வரம்புகளைத் தலைமையேற்ற வர்க்கங்களின் நலன்கள் நிர்ணயித்தன. எனினும் சமத்துவத்தைப் பிரகடனஞ் செய்த சொற்கள் அவற்றை எழுதியோரின் பிடியில் நிற்கவில்லை. 1852 இற் பிரடெரிக் டக்ளஸ் அச்சொற்களை அடிமை எசமானருக்கு எதிராகவே திருப்பினார். 1945 இல் ஹனோயில் வியட்நாமியச் சுதந்திரத்தை அறிவித்த ஹோ சி மின், அப்பிரகடனத்தை மேற்கோள் காட்டியே தொடங்கினார். ஆளும் வர்க்கம் தன் தேவைக்காக உரைத்த உண்மையை ஒடுக்கப்பட்டோர் தமதாக்கிக் கொள்வர். அப்போரை நாம் இன்று கற்பதன் பயன், வெற்றி பெற்றோரை வாழ்த்துவதிலன்று; அவர்கள் நிறைவேற்றாது விட்ட வாக்குறுதியை இனங்காண்பதிலேயே தங்கியுள்ளது.