மருமகனுக்கு என்ன வாங்குறது?

அக்கா மகன் சென்னையில கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். ரெண்டு வருஷமா ஒரே கிறுக்கு, குடும்ப வரலாறு தேடுறான். ஊருக்கு வந்தா வாய்க்கு ருசியா எதுவும் கேட்க மாட்டான். "மாமா, தாத்தாவுக்கு அப்பா பேரு என்ன? அவருக்கு அப்பா?" இதான் கேள்வி. அடுத்த மாசம் அவனுக்குப் பிறந்தநாள். சட்டை எடுத்துக் கொடுக்கலாம்னு வீட்டுல சொன்னாங்க. நான் பரண்ல கிடந்த தகரப்பெட்டியை இறக்கினேன்.

உள்ள மூணு பத்திரம். மூணும் ஒரே கரிசக்காட்டுக்கு. ஒண்ணுல "திருநெல்வேலி ஜில்லா, சாத்தூர் தாலுகா"ன்னு இருக்கு. அடுத்ததுல இராமநாதபுரம் ஜில்லா. மூணாவதுல காமராசர் மாவட்டம். காடு இருந்த இடத்துலதான் இருக்கு!

விஷயம் இதுதான். 1910 வரைக்கும் சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்கள் திருநெல்வேலியோட இருந்தது. அந்த வருஷம் மதுரையிலயும் திருநெல்வேலியிலயும் கொஞ்சம் கொஞ்சம் பிரிச்சு இராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கினாங்க. 1985-ல அதை மூணாப் பிரிச்சப்போ நாம காமராசர் மாவட்டம் ஆனோம். 1997-ல மாவட்டங்களுக்கு வச்சிருந்த தலைவர்கள் பேரை எடுத்ததும் விருதுநகர் மாவட்டம். விருதுநகர் டவுனுக்கே 1923 வரைக்கும் விருதுபட்டின்னுதான் பேரு. மருமகன் இத்தனை நாளும் விருதுநகர்னு போட்டே தேடியிருக்கான். எப்படிக் கிடைக்கும்?

வருஷக் கணக்கும் இப்படித்தான் ஏமாத்தும். "தாது வருஷப் பஞ்சத்துல பொழைச்ச வம்சம்டா நாம"ன்னு ஆச்சி சொல்லும். தமிழ் வருஷப் பேரு அறுபது வருஷத்துக்கு ஒருக்கா திரும்பி வரும். தாது 1876, 1936, 1996-னு மூணு தடவை வந்திருக்கு. பெரிய பஞ்சம் ஆரம்பிச்சது 1876-ல. ஆச்சி சொன்னது அந்தத் தாதுதான்.

பெட்டிக்கு அடியில மொய் நோட்டும், சிவகாசியில அச்சடிச்ச கல்யாணப் பத்திரிகையும் இருந்தது. பத்திரத்துல பெரும்பாலும் ஆம்பளைங்க பேருதான் வரும். பொண்ணை எந்த ஊருக்குக் கொடுத்தோம், எங்கேயிருந்து எடுத்தோம்னு தெரியணும்னா மொய் நோட்டைத்தான் புரட்டணும். ஊரு, பேரு, ரூபாய்னு வரிசையா இருக்கும்.

ஆனா தாத்தாவோட அம்மா பேரு எதுலயும் இல்ல. தெரிஞ்சது ஒரே ஆளு, எங்க அத்தை. வயசு எண்பத்தாறு. போன வருஷம் சொன்ன கதையில பாதி இப்ப ஞாபகம் இல்ல. போனை ஆன் பண்ணி மடியில வச்சுட்டு ரெண்டு சாயங்காலம் பக்கத்துல உட்கார்ந்தேன். முதல் நாள் வரல. ரெண்டாம் நாள் கீரை ஆய்ஞ்சுக்கிட்டே தானாச் சொன்னாங்க.

மருமகனுக்குப் பரிசு தயார். பத்திரம், மொய் நோட்டு எல்லாத்துக்கும் ஜெராக்ஸ், ஜில்லாப் பேரு மாறின வருஷங்களை எழுதின ஒரு தாள், அத்தை குரல். ஒரிஜினல் பெட்டியிலயே இருக்கும். மிச்சத்தை அவன் சார்பதிவாளர் ஆபீஸ்லயும் எழும்பூர் ஆவணக் காப்பகத்துலயும் தேடிக்குவான்.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு ஆளு இருந்தா, போகிக்கு முன்னாடி ஊருக்கு ஒரு நடை வந்துட்டுப் போங்க. பழைய நோட்டுதானேன்னு நெருப்புல போட்டுறாதீங்க. பழைய போட்டோவுல இருக்கிறது யாருன்னு பெரியவங்ககிட்ட கேட்டு, பின்னாடி பென்சில்ல எழுதி வைங்க. அவங்க இருக்கும்போதே கேட்டாத்தான் உண்டு.