வீடு முன்னாடி, ரோடு பின்னாடி: நம்ம பக்கத்து ரோடுகளின் கதை

இந்தத் தடவை பயிர் பற்றி இல்லாம ரோட்டைப் பற்றி எழுதறேன். ரோடும் நம்ம கழனியில் இருந்துதான் பிறக்குது, அதனால விஷயத்தை விட்டு ரொம்ப தூரம் போயிடலை.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சு, "டிராஃபிக் தாங்கலை." வண்டி பெருகிடுச்சுன்னு ஒருத்தர் சொல்வார். ஆக்கிரமிப்புன்னு ஒருத்தர், மெட்ரோ வேலைன்னு இன்னொருத்தர். எல்லாமே உண்மைதான். ஆனா இதுக்கெல்லாம் அடியில பழைய காரணம் ஒண்ணு இருக்கு. நம்ம பக்கம் எப்பவுமே வீடு முன்னாடி வந்துச்சு, ரோடு பின்னாடி வந்துச்சு. அந்தக் கதையை எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் வரிசையா சொல்றேன்.

முதல்ல பழைய பாதைகள். பூந்தமல்லி வழியா காஞ்சிபுரத்துக்குப் போற பாதை ரொம்பப் பழசு. திருக்கச்சி நம்பிகள் இந்த ஊரில் மல்லிகை வளர்த்து, தினமும் காஞ்சி வரதருக்குக் கொண்டுபோனார்னு ஐதீகம். பூவிருந்தவல்லிங்கிற பேரையே அந்தப் பூவோட சேர்த்துத்தான் சொல்வாங்க. வெள்ளைக்காரன் காலத்தில் பூந்தமல்லியில் பட்டாளம் இருந்துச்சு. கோட்டையில் இருந்து ஆற்காடு, பெங்களூர் போற ராணுவப் பாதையும் இதுதான். வடக்கே இன்னொரு பாதை திருவள்ளூர் போறது, இன்னைக்கு சி.டி.எச். ரோடு, எம்.டி.எச். ரோடுன்னு சொல்றோமே அது. அதை ஒட்டி 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் ஓட ஆரம்பிச்சுது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், நம்ம அம்பத்தூர், ஆவடி வழியாத்தான் போச்சு.

தெற்கே ஒரு பெரிய ரோடு, வடக்கே ஒரு பெரிய ரோடும் ரயிலும். நடுவுல இருந்தது என்ன? ஏரி, கழனி, கூவம் ஆறு, ஊருக்கு ஊர் போற வண்டிப்பாதை. அவ்வளவுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு தொழிற்சாலைகள் வந்துச்சு. 1949-ல் தொடங்கின டி.ஐ. சைக்கிள் கம்பெனி அம்பத்தூரில் அமைஞ்சுது. 1955-ல் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்து, சோஷலிச பாணி சமுதாயம்னு தீர்மானம் போட்டாங்க. 1960-களில் ஆவடியில் டாங்க் தொழிற்சாலை வந்துச்சு, அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்துச்சு. அப்போ ரோடு தாங்குச்சு. அதுக்கு ரெண்டு காரணம் இருக்கு. மத்திய அரசு தொழிற்சாலை கட்டினப்போ கூடவே குடியிருப்பும் உள் ரோடும் போட்டுத்தான் ஆட்களைக் கொண்டுவந்தாங்க. மத்த தொழிலாளிங்க ரயிலிலும் சைக்கிளிலும் வந்தாங்க. அம்பத்தூரில் செஞ்ச சைக்கிளிலேயே அம்பத்தூருக்கு வேலைக்குப் போனவங்க எங்க ஊரிலேயே உண்டு.

சிக்கல் அதுக்கப்புறம் மனை விற்பனையோடதான் வந்துச்சு. 1980-களில் ஆரம்பிச்சு, 90-களில் வேகம் பிடிச்சுது. ஏரித் தண்ணி சரியா வராத வருஷம் ஒரு கழனி விலைபோகும். அடுத்த வருஷம் பக்கத்துக் கழனி. பத்து ஏக்கர், பதினஞ்சு ஏக்கர் சேர்ந்ததும் கல்லு நட்டு, கொடி கட்டி, நகர்னு பேர் வைப்பாங்க.

இங்கேதான் ஒண்ணைக் கவனிக்கணும். நகருக்குள்ள ரோடு இருக்கும். அங்கீகாரம் வாங்கின லே-அவுட்டா இருந்தா 24 அடி, 30 அடின்னு விதிப்படி விட்டு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்கணும். ரெண்டரை ஏக்கருக்கு மேல போனா பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாவும் விடணும். நல்ல விதிதான். ஆனா அந்த நகரில் இருந்து பெரிய ரோட்டுக்குப் போற வழி எது? பழைய வண்டிப்பாதை. புலப்படத்தில் எங்க ஊர்ப் பாதையை அளந்து பார்த்தேன், இருபது லிங்க்ஸ். நூறு லிங்க்ஸ் ஒரு சங்கிலி, ஒரு சங்கிலி 66 அடி. அப்படின்னா பாதை 13 அடி சொச்சம். எதிரெதிரே ரெண்டு மாட்டுவண்டி வந்தா ஒண்ணு வரப்போரம் ஒதுங்கணும். இன்னைக்கு ஒதுங்க வரப்பு இல்லை, காம்பவுண்டு சுவர் இருக்கு.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ரோடு, பூங்கா போக மிச்சத்தை 1,200 சதுர அடி மனையாப் பிரிச்சா இருபது மனை தேறும். நூறு ஏக்கர்னா ரெண்டாயிரம் வீடு. வீட்டுக்கு ஒரு டூவீலர்னு வெச்சாலே ரெண்டாயிரம் வண்டி. அதுல பாதி காலையில ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவுல வெளியே வரும். இதே நூறு ஏக்கர் கழனியா இருந்தப்போ, அறுப்புக் காலத்தில் கூட ஒரு நாளைக்கு முப்பது வண்டி போயிருந்தா அதிகம். வேலை இத்தனை மடங்கு கூடிப்போச்சு, பாதை மட்டும் அதே இருபது லிங்க்ஸ்.

இதை ஏன் யாரும் பார்க்கலைன்னு கேட்டா, பார்க்கிற முறையே அப்படி. ஒவ்வொரு லே-அவுட்டையும் தனித்தனியா பார்க்கறாங்க. மனைக்கு முன்னாடி ரோடு இருக்கா, அது எவ்வளவு அகலம், அதுக்குத் தகுந்த உயரமா கட்டடம், இதெல்லாம் விதியில் இருக்கு. ஏற்கெனவே அதே பாதையை நம்பி எத்தனை நகர் இருக்கு, இது பதினோராவதா, பன்னிரண்டாவதா? அந்தக் கணக்கு எந்த ஃபைலிலும் இருக்கிறதாத் தெரியலை. பெரிய கட்டடங்களுக்கு உள்கட்டமைப்புக் கட்டணம்னு ஒண்ணு வசூல் பண்றாங்க. அது மாநிலம் முழுக்கப் பொதுவான நிதியில் சேருது. எந்த ரோட்டுக்குச் சுமை கூடுதோ அந்த ரோட்டுக்கே வரும்னு சொல்ல முடியாது.

அங்கீகாரமே இல்லாத மனைகள் கதை தனி. 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாதுன்னு தடை போட்டுச்சு. எங்க பக்கம் பத்திர ஆபீஸ் வாசல் வெறிச்சுன்னு கிடந்த நாள் அது. அப்புறம் 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி வித்த மனைகளுக்குப் பணம் கட்டி அனுமதி வாங்கிக்கலாம்னு ஆச்சு. ஏழை பாழை வாங்கின மனைக்கு ஒரு வழி கிடைச்சுது, அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா வரன்முறை பண்ணினா பத்திரம் சரியாகும், ரோடு அகலமாகாது.

விவசாயியா நான் இதைக் கீரைக்கட்டு கணக்கில் பார்க்கறேன். எங்க அப்பா காலத்தில் கொத்தவால்சாவடிக்குக் கீரை போகும். ராத்திரி கிளம்பினா விடியறதுக்குள்ள போய்ச் சேரணும். அங்கே சந்துகள் தாங்காமத்தான் 1996-ல் மார்க்கெட்டைக் கோயம்பேட்டுக்குக் கொண்டுவந்தாங்க. தூரம் பாதியாச்சு. 2020-ல் கொரோனா வந்தப்போ சில மாசம் திருமழிசைக்கே மார்க்கெட் வந்துச்சு. இப்போ மறுபடி கோயம்பேடு. மார்க்கெட் எங்களுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்தும், டெம்போக்காரர் அப்பா கிளம்பின மாதிரி ராத்திரியிலேயே கிளம்பறார். தூரம் குறைஞ்சதை நெரிசல் தின்னுடுச்சு.

சரி, முன்கூட்டியே இடம் விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? அதுக்கும் நம்ம பக்கத்திலேயே சாட்சி இருக்கு. 1970-களில் வந்த முதல் மாஸ்டர் பிளானிலேயே நகரைச் சுத்தி வட்டச் சாலைங்கிற எண்ணம் இருந்துச்சு. வண்டலூரில் இருந்து மீஞ்சூர் வரைக்கும் சுமார் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலைக்கு 122 மீட்டர் அகலம் ஒதுக்கினாங்க. பெரும்பகுதி கழனியா, மேய்ச்சலா இருந்ததால அது முடிஞ்சுது. நெமிலிச்சேரி வரைக்கும் 2014-லயும், மீதி 2021-லயும் திறந்தாங்க. அதுக்காக நிலம் கொடுத்தவங்க பட்ட பாடும், ரெண்டா வெட்டுப்பட்ட கழனிகளும் உண்டு. ஆனாலும் ரோடு வந்துச்சு.

அந்தப் பக்கம் சி.டி.எச். ரோட்டைப் பாருங்க. பாடியில் இருந்து திருநின்றவூர் வரைக்கும் அகலப்படுத்தற பேச்சு பத்து வருஷத்துக்கு மேலா ஓடுது. ரெண்டு பக்கமும் கடை, வீடு, கோயில், பள்ளிக்கூடம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு குடும்பத்தோட பிழைப்பு இருக்கு. இந்த நிலையில் 2024-ல் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறந்தாச்சு. வேலை வரட்டும், எங்க பிள்ளைங்களுக்கும் நல்லதுதான். ஆனா மாடி எழும்புற வேகத்தில் ரோடு வளரலையே.

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் 1985-ல் ஒரு சட்டம் போட்டாங்க. ரோடு தாங்கும்னு காட்டினாத்தான் புதுக் குடியிருப்புக்கு அனுமதி. கேட்க நல்லா இருக்கு இல்லையா? ஆனா என்ன நடந்துச்சுன்னா, ஊருக்குள்ள ரோடு நிரம்பியிருந்ததால கட்டுறவங்க எல்லாம் காலி ரோடு இருக்கிற வெளிப்புறத்துக்குப் போயிட்டாங்க. அங்கே இருந்தது விவசாய நிலம். கடைசியில் 2011-ல் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்திட்டாங்க. வெறும் தடை போட்டா பாரம் அடுத்த ஊர் கழனி மேல விழும்னு இதில் எனக்குப் புரிஞ்சுது.

குஜராத்தில் வேற வழி. நகரமைப்புத் திட்டம்னு பேர். ஒரு பகுதியில் இருக்கிற எல்லா நிலத்தையும் காகிதத்தில் ஒண்ணாச் சேர்ப்பாங்க. ரோடு, பூங்கா, பொது இடத்துக்கு எல்லாரிடமும் ஒரு பங்கு எடுப்பாங்க. மிச்சத்தை ஒழுங்கான வடிவத்தில் அவங்கவங்களுக்கே திருப்பிக் கொடுப்பாங்க. அகமதாபாத்தைச் சுத்தி இருக்கிற 76 கிலோமீட்டர் சர்தார் படேல் வட்டச் சாலைக்கு நிறைய இடம் இப்படித்தான் கிடைச்சுது. ஒருத்தன் நிலம் முழுசா ரோட்டில் போய், பக்கத்துக்காரன் ரோட்டு மேல நிலம்னு விலை ஏத்துற அநியாயம் இதில் குறையும். சின்ன விவசாயிக்குப் பங்கு எவ்வளவு போகுதுங்கிறதுதான் பேச வேண்டிய விஷயம். அரை ஏக்கர்காரனுக்கும் அம்பது ஏக்கர்காரனுக்கும் ஒரே விழுக்காடுன்னா அரை ஏக்கர்காரன் தாங்க மாட்டான்.

இதெல்லாம் இப்போ எழுதக் காரணம் இருக்கு. 2022-ல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரில் இருந்து 5,904 ஆக விரிச்சாங்க. திருவள்ளூர், அரக்கோணம் எல்லாம் உள்ளே வந்தாச்சு. மூணாவது மாஸ்டர் பிளான் தயாராகுது. அங்கே இன்னும் நெல்லு விளையுது, பாதை இன்னும் வரப்போரமா இருக்கு. அகலம் விடறதுன்னா இப்போதான் விட முடியும். சுவர் எழும்பின பிறகு விட முடியாது.

எங்க ஊரில் மிச்சம் இருக்கிறது ஒரு அம்பது ஏக்கர்தான். அதுல ரெண்டு ஏக்கர் என்னுது. போன நவரை அறுப்புக்கு மெஷின் விடிகாலை நாலு மணிக்கு வந்துச்சு. ஏழு மணிக்கு மேல ஸ்கூல் வேன் நிரம்பிட்டா அது உள்ளே நுழைய முடியாது. பனியில் நனைஞ்ச கதிரை அறுத்தா நெல்லு ஈரம், காய வைக்க ரெண்டு நாள் கூடுதல். இந்தப் பாதையால பயிர் வைக்கிறவனுக்கும் நஷ்டம், வீடு கட்டி வந்தவங்களுக்கும் அவஸ்தை. ஆம்புலன்ஸ் வரணும்னா ரெண்டு பேருக்கும் ஒரே வழிதான்.

அதனால பாதை ஓரம் கழனி வெச்சிருக்கிற நாங்க நாலு பேர் பேசி ஒரு முடிவு எடுத்திருக்கோம். யார் எப்போ வித்தாலும், பாதைப் பக்கம் தன் பங்குக்கு விட்டு மொத்தம் 40 அடி வர்ற மாதிரி பத்திரத்தில் எழுதித்தான் விக்கணும். புரோக்கர் "அவ்வளவு இடம் வீணாகுதே"ன்னு சொல்றார். வீண் இல்லை, வித்துட்டுப் போன பிறகும் ஊர் நம்மைத் திட்டாம இருக்க அதுதான் விலை.

நீங்களும் கழனி வெச்சிருந்தா, விக்கிற எண்ணம் இருந்தாலும் இல்லாட்டியும், உங்க சர்வே நம்பருக்குப் புலப்படத்தை எடுத்துப் பாருங்க. இப்போ ஆன்லைனிலேயே கிடைக்குது. பாதை எத்தனை லிங்க்ஸ்னு பார்த்து, அடுத்த கிராம சபையில் அதைப் பேசுங்க. மனை வாங்கப் போறவங்க நகருக்குள்ள இருக்கிற முப்பதடி ரோட்டைப் பார்த்து மயங்காதீங்க. நகருக்கு வெளியே வந்து, மெயின் ரோடு வரைக்கும் ஒரு தடவை காலை எட்டு மணிக்கு நடந்து பாருங்க.