நீர் ராக்கெட் ஏவுகருவி

நீர் ராக்கெட் ஏவுகருவி என்பது, தண்ணீரும் அழுத்தக் காற்றும் நிரப்பிய பிளாஸ்டிக் போத்தலைக் குறித்த கோணத்தில் பிடித்து நிறுத்தி, வேண்டிய நொடியில் விடுவிக்கும் சாதனம். மலேசியப் பள்ளிகளில் ‘ரோக்கெட் ஆயர்’ என்ற மலாய்ப் பெயரில் நடக்கும் போட்டிகளுக்கு இதுவே ஆதாரம். ராக்கெட்டின் இறக்கைக்கும் மூக்குக்கும் வண்ணம் தீட்டுவதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட நம் பள்ளிகள் ஏவுகருவிக்குக் காட்டுவதில்லை. ஆனால் வெற்றி தோல்வி பெரும்பாலும் முடிவாவது ஏவுகருவியில்தான்.

மேலை நாடுகளில் மாதிரி ராக்கெட் என்றால் பெரும்பாலும் கருமருந்து மோட்டார். அமெரிக்காவில் ஆர்வில் கார்லைல் 1954இல் அத்தகைய மோட்டாரை உருவாக்கினார். முதல் உலகப் போட்டி 1972இல் யூகோஸ்லாவியாவின் வ்ர்ஷாட்ஸ் நகரில் நடந்தது. மலேசியாவில் வெடிமருந்தை 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பினாங்கு மாநிலத்தில் வான்வெளியும் நெருக்கடியானது: தீவில் பாயான் லெப்பாஸ் விமான நிலையம், எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம். மாநிலத்தின் நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் விண்வெளிப் பொறியியல் துறை இயங்குகிறது. ஆனால் பள்ளி மாணவர் கைக்கு எட்டுவது தண்ணீரும் காற்றும்தான். தேசியக் கோளரங்கம் நாடளாவிய நீர் ராக்கெட் போட்டிகளை நடத்தி வந்திருக்கிறது. ஆசிய பசிபிக் வட்டார விண்வெளி அமைப்புகளின் மன்றம் 2005இல் ஜப்பானின் கிதாக்யூஷுவில் பன்னாட்டு மாணவர் போட்டியைத் தொடங்கியது.

அமைப்பு

ஏவுகருவிகளில் இரண்டு வகை பரவலாக உண்டு. முதலாவது கேபிள் டை வகை. அரை அங்குல பிவிசி குழாயின் வெளிவிட்டம் 21.4 மில்லிமீட்டர், குளிர்பானப் போத்தலின் கழுத்து உள்ளே ஏறத்தாழ 22 மில்லிமீட்டர். இடைவெளியை ஓர் ஓ-ரிங் அடைத்துவிடும். குழாயைச் சுற்றி நிற்கும் கேபிள் டைகளின் தலைகள் போத்தலின் கழுத்து வளையத்தைக் கொக்கிபோல் பற்றும். அவற்றை வெளியிலிருந்து ஒரு பெரிய குழாய்த்துண்டு இறுக்கிப் பிடித்திருக்கும். கயிற்றை இழுத்தால் அந்தத் துண்டு கீழே சரியும், தலைகள் விரியும், போத்தல் பறக்கும். துண்டு ஒரு பக்கம் இறுக்கமாக இருந்து ஒரு டை மட்டும் தாமதமாக விட்டாலும் ராக்கெட் கிளம்பும்போதே கோணிக்கொள்ளும். எனவே இத்துண்டை அரத்தால் தேய்த்துச் சீராக்குவதுதான் செய்முறையில் மிகப் பொறுமை கேட்கும் வேலை.

இரண்டாவது, தோட்டக் குழாயின் கிளிக் இணைப்பைக் கொண்டு செய்வது. போத்தல் வாயில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் துளையுள்ள முனை பொருத்தப்படும். ஜப்பானிய மாணவர் போட்டிகளில் பரவலாகப் பயன்படும் வகை இது.

துளை வேறுபாடு பெரிய விளைவைத் தரும். 5 பார் அழுத்தத்தில் 22 மில்லிமீட்டர் வாய் தொடக்கத்தில் ஏறத்தாழ 38 கிலோ எடைக்கு நிகரான உந்துவிசை தரும், 1.5 லிட்டர் போத்தலில் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீர் ஏறத்தாழ இருபதில் ஒரு நொடியில் வெளியேறிவிடும். 9 மில்லிமீட்டர் துளையில் விசை 6.5 கிலோ அளவுக்குக் குறைந்து, தண்ணீர் தீர ஏறத்தாழ 0.3 நொடி ஆகும். மெதுவாகக் கிளம்புவதால் இதற்கு வழிகாட்டும் தண்டவாளம் அவசியம். கேபிள் டை வகையில் போத்தலுக்குள் நீளும் குழாயே வழிகாட்டி. போத்தல் அதைவிட்டு நழுவும்வரை தண்ணீர் சிந்தாமல் காற்றே தள்ளுகிறது. உலகப் போட்டிகளில் கருமருந்து ராக்கெட்டுகளுக்குப் பயன்படும் பிஸ்டன் ஏவுகுழலும் இதற்கு நெருங்கிய உறவுதான்: வெளியேறும் வாயுவைக் குழலுக்குள் அடைத்து முதல் உந்தலை வாங்குகிறது.

திசையும் தரையும்

இலக்கைத் தொடும் போட்டியில் மாணவர்கள் கோணமானியையே உற்றுப் பார்க்கிறார்கள். உண்மையில் 45 பாகையை ஒட்டி ஒரு பாகை ஏறினாலும் இறங்கினாலும் தூரம் அதிகம் மாறாது. ஆனால் பக்கவாட்டில் ஒரு பாகை பிசகினால் 80 மீட்டருக்கு அப்பால் 1.4 மீட்டர் விலகிவிடும். ஆகவே கோணத்தை நிலையாக வைத்து, தூரத்தை அழுத்தத்தால் சரிசெய்து, திசையில் முழுக் கவனம் வைப்பதே நல்ல முறை. அழுத்தமானியை பம்பில் வைக்காமல் ஏவுகருவியின் குழாயிலேயே பொருத்தினால் போத்தலுக்குள் உள்ள அளவு தெரியும்.

பினாங்கின் திடல்களில் மழைக்குப் பிறகு மண் இளகும். 5 பாரில் கேபிள் டைகள் தாங்கும் இழுவை 19 கிலோ. விட்ட கணத்தில் அதே விசை கருவியைப் பின்னுக்குத் தள்ளும். மெல்லிய கால்கள் புதைந்து அடுத்த ஏவலின் திசை மாறும். அகலமான பலகையின் மேல் கருவியை நிறுத்தி, கூடார முளைகளால் அறைவது நல்லது. கடற்காற்று வலுக்கும் பிற்பகலைவிடக் காலை நேரம் ஏவலுக்கு உகந்தது.

பாதுகாப்பு

கருமருந்து ராக்கெட்டுகளுக்கு அமெரிக்க மாதிரி ராக்கெட் சங்கத்தின் விதிகள் பூட்டுள்ள மின்சுவிட்ச், கையை எடுத்தவுடன் தானே அணையும் பொத்தான், தவறிய ஏவலுக்குப் பின் 60 நொடி காத்திருப்பு ஆகியவற்றைக் கட்டாயமாக்குகின்றன. நீர் ராக்கெட்டில் நெருப்பில்லை என்பதால் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். வெயிலில் கிடந்த பிவிசி நொறுங்கும் தன்மை பெறும். அழுத்தக் காற்று நிறைந்த குழாய் உடைந்தால் சில்லுகள் தெறிக்கும். குழாயை நிழலில் வைக்க வேண்டும். விரிசல் கண்டால் தயங்காமல் மாற்ற வேண்டும். கயிறு குறைந்தது ஐந்து மீட்டர் நீளம் இருக்கட்டும். போத்தல் சிக்கிக்கொண்டால் யாரும் அருகே போகாமல் காற்றை வெளியேற்ற, பம்ப் இருக்கும் முனையிலேயே ஒரு திறப்பு வால்வு பொருத்தப்பட வேண்டும்.