கெடு நாள் – 9: மதியம் மூன்று மணி

ரஷீத் வாலஸைப் போர்ட்லாந்து கூடைப்பந்து அணி கைகழுவிய இடத்தில் சென்ற வாரம் நிறுத்தினேன். அன்று 2004 பிப்ரவரி 9. அவரையும் வெஸ்லி பெர்சனையும் அட்லாண்டா ஹாக்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, ஷரீஃப் அப்துர்-ரஹீம், தியோ ராட்லிஃப், டான் டிக்காவ் ஆகிய மூவரைப் போர்ட்லாந்து வாங்கிக்கொண்டது.

ஒன்பது நாள் கழிந்தது. பிப்ரவரி 18 இரவு நியூஜெர்சியில், ஹாக்ஸ் சட்டை போட்டுக்கொண்டு ரஷீத் களமிறங்கினார். 42 நிமிடம் ஆடி 20 புள்ளி, 6 ரீபவுண்ட், 5 பிளாக் எடுத்தார். புது இடத்தில் முதல் நாளுக்கு இது குறைச்சலில்லை, ஆனாலும் அணி தோற்றது. மறுநாள் மதியம் அவர் ஹாக்ஸ் ஆட்டக்காரரே இல்லை! அந்த அணியின் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே இன்றும் இருப்பது ஒரே ஒரு ஆட்டம். அட்லாண்டா ரசிகர்கள் தங்கள் அரங்கில் அவரை அந்தச் சட்டையில் பார்க்கவே இல்லை.

ஏன் வாங்கினார்கள், ஏன் பத்தே நாளில் தள்ளிவிட்டார்கள்? விடை ஆடுகளத்தில் இல்லை, கல்லாப்பெட்டியில் இருக்கிறது.

என்பிஏவில் ஐபிஎல் மாதிரி ஏலம் கிடையாது. பணத்தைக் கொட்டி 'இந்த ஆளைக் கொடு' என்று இன்னோர் அணியிடம் கேட்க முடியாது. ஆளுக்குப் பதில் ஆளையோ, டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) தங்கள் இடத்தையோதான் கொடுக்க வேண்டும். சம்பள வரம்பைத் தாண்டிவிட்ட அணியாக இருந்தால், கொடுக்கும் ஆட்களின் சம்பளமும் வாங்கும் ஆட்களின் சம்பளமும் ஏறக்குறைய ஈடாக இருக்க வேண்டும். தராசின் ஒரு தட்டில் ஒரு பெரிய ஆட்டக்காரர் ஏறினால், மறு தட்டில் நான்கு சின்ன ஆட்டக்காரர்களை வைத்தாவது சமன் செய்தாக வேண்டும். இதெல்லாம் பிப்ரவரியில் ஒரு குறிப்பிட்ட நாள் வரைதான் நடக்கும். 2004ல் அந்தக் கெடு பிப்ரவரி 19, அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி மதியம் மூன்று மணி.

அந்த ஆண்டு ரஷீதின் சம்பளம் சுமார் 1.7 கோடி டாலர். உரிமையாளர் மாறவிருந்த அட்லாண்டாவுக்கு அவரிடம் பிடித்த ஒரே விஷயம், அந்த ஒப்பந்தம் வரும் கோடையோடு முடிகிறது என்பதுதான். முடிந்ததும் கணக்கில் அவ்வளவு பாரம் குறையும். அந்தப் பாரத்தை இன்னும் வசதியாக யாராவது இறக்கித் தந்தால், கூடவே டிராஃப்டில் ஓர் இடமும் கிடைத்தால், ரஷீதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஆள் எப்படிப்பட்டவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆறடி பதினோரு அங்குலம். பின்னந்தலையில் பிறவியிலேயே வந்த ஒரு வெள்ளை முடித்திட்டு. காலில் ஏர் ஃபோர்ஸ் ஒன் ஷூ, அதன் பட்டி எப்போதும் அவிழ்ந்து தொங்கும். கூடைக்கு அடியிலும் ஆடுவார், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்றும் எறிவார். வாய்தான் பிரச்சினை. 2000–01 பருவத்தில் மட்டும் 41 டெக்னிகல் ஃபவுல் வாங்கினார், அது இன்றுவரை சாதனை. தவறான ஃபவுல் என்று அவர் நினைத்ததற்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோவை எதிராளி தவறவிட்டால், அரங்கம் கேட்கும்படி 'பந்து பொய் சொல்லாது' என்று கத்துவார். 2003 பிளே-ஆஃபில் ஒரு செய்தியாளர் சந்திப்பில் எந்தக் கேள்விக்கும் 'இரண்டு அணியும் நன்றாக உழைத்து ஆடின' என்ற ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அதே ஆண்டு ஜனவரியில், ஆட்டம் முடிந்து வெளியேறும் வழியில் ஒரு நடுவரை மிரட்டினார் என்று அவருக்கு ஏழு ஆட்டத் தடை. அந்த நடுவரின் பெயர் டிம் டோனகி. நான்கு ஆண்டு கழித்து, சூதாட்ட வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனவர் இதே டோனகிதான். ரஷீத் அன்று செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. இருந்தாலும் இந்த இடத்தில் கொஞ்சம் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆறாத காயம் ஒன்றும் அவரிடம் இருந்தது. 2000 பிளே-ஆஃபில் லேக்கர்ஸுக்கு எதிரான தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ரஷீத் 30 புள்ளி எடுத்தார். கடைசிக் கால்பகுதியில் போர்ட்லாந்து 15 புள்ளி முன்னிலையில் இருந்தது. அத்தனையும் கரைந்து 89–84 என்று தோற்றார்கள். லேக்கர்ஸ் இந்தக் கதைக்குத் திரும்ப வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி டெட்ராய்ட். அங்கே அப்போது பிஸ்டன்ஸ் அணி நிர்வாகத்தின் தலைவர் ஜோ டுமார்ஸ். 1989லும் 1990லும் அதே அணிக்காக ஆடி இரண்டு சாம்பியன் பட்டம் வென்றவர். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவர் கட்டிய அணியைப் பார்த்தால், பழைய சாமான் கடையில் நுழைந்து ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி எடுத்தது போலிருக்கும். நடுவில் நிற்கும் பென் வாலஸை (ரஷீதுக்கு உறவில்லை) எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவில்லை. 2000ல் கிராண்ட் ஹில் என்ற பெரிய நட்சத்திரம் ஆர்லாண்டோவுக்குப் போனபோது, பதிலுக்கு வந்த இருவரில் ஒருவர் அவர். சான்ஸி பில்லப்ஸ் பாஸ்டன், டொராண்டோ, டென்வர், மின்னசோட்டா என்று ஊர் ஊராய்ச் சுற்றி 2002ல் வந்து சேர்ந்தவர். அதே ஆண்டு, அணியின் முதன்மைப் புள்ளிக்காரரான ஜெரி ஸ்டாக்ஹவுஸை வாஷிங்டனுக்கு அனுப்பி ரிச்சர்ட் ஹாமில்டனை வாங்கினார் டுமார்ஸ். ஒடிந்த மூக்கைக் காக்க முகத்தில் பிளாஸ்டிக் முகமூடி மாட்டிக்கொண்டு, ஆட்டம் முழுக்க ஓடிக்கொண்டே இருப்பாரே, அவர்தான். டேஷான் பிரின்ஸை 2002 டிராஃப்டில் எடுத்தபோது அவருக்கு முன்னால் 22 பேர் எடுக்கப்பட்டிருந்தார்கள். ஊதினால் பறந்துவிடும் ஒல்லி உடம்பு, கைகள் மட்டும் முடிவில்லாமல் நீளும்.

டுமார்ஸ் தப்பே செய்யாதவர் என்று எழுத வரவில்லை. 2003 டிராஃப்டில் இரண்டாவது இடம் கையில் இருந்தது. கார்மெலோ அந்தனி, கிறிஸ் பாஷ், டுவைன் வேட் மூவரும் காத்திருக்க, அவர்களை விட்டுவிட்டு டார்கோ மிலிசிச் என்ற 18 வயதுப் பையனை எடுத்தார். அந்தத் தழும்பு இன்னும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே கோடையில், இரண்டு பருவமும் தலா 50 வெற்றி தேடித்தந்த பயிற்சியாளர் ரிக் கார்லைலை நீக்கிவிட்டு லாரி பிரவுனைக் கொண்டுவந்தார். கார்லைல் போய்ச் சேர்ந்த இடம் இந்தியானா பேசர்ஸ்.

பிரவுனின் அணி தடுப்பதில் கெட்டி. ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. பென் வாலஸ் நடு ஆட்டக்காரருக்குக் கொஞ்சம் குள்ளம், தூரத்திலிருந்து எறியவும் வராது. பக்கத்தில் இன்னொரு நெட்டையர் வேண்டும். எதிரணியின் பெரிய ஆளை அவர் தனியாகச் சமாளித்தால், பென் தன் இடத்தை விட்டு எங்கே வேண்டுமானாலும் ஓடித் தடுக்கலாம். அந்த நெட்டையருக்கு வெளியே நின்று எறியவும் தெரிந்தால், எதிரணியின் தடுப்பாளர் கூடையடியை விட்டு வெளியே வந்தாக வேண்டும், அந்தக் காலி இடத்துக்குள் ஹாமில்டன் வெட்டி நுழைவார். இந்த வேலைக்கென்றே அளவெடுத்துத் தைத்த ஆள் நாட்டில் ஒருவர்தான். அவர் பத்து நாளாக அட்லாண்டாவின் கையில் இருந்தார்.

டுமார்ஸின் சிக்கல், 1.7 கோடிக்கு ஈடு வைப்பது எப்படி என்பது. அவருடைய முக்கிய ஆட்களைத் தொடாமல் அந்தத் தொகை தேறவில்லை. மூன்றாவதாக ஓர் அணி தேவைப்பட்டது, பாஸ்டன் வந்தது.

பிப்ரவரி 19 அன்று பேரம் முடிந்தது. டெட்ராய்டிலிருந்து சக்கி அட்கின்ஸும் லிண்ட்ஸி ஹண்டரும் பாஸ்டனுக்கு, கூடவே முதல் சுற்று டிராஃப்ட் இடம் ஒன்று. பாப் சுராவும் ஜெல்கோ ரெப்ராச்சாவும் அட்லாண்டாவுக்கு, கூடவே டெட்ராய்ட் வசமிருந்த மில்வாக்கியின் முதல் சுற்று இடம். பாஸ்டனிலிருந்து கிறிஸ் மில்ஸ் அட்லாண்டாவுக்கு. இந்த மில்ஸ் அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. கோடையில் முடியவிருந்த அவருடைய ஒப்பந்தக் காகிதம்தான் தராசுத் தட்டில் ஏறியது. பதிலுக்கு டெட்ராய்டுக்கு ரஷீத் வாலஸ், பாஸ்டனின் மைக் ஜேம்ஸ்.

வேடிக்கை இத்தோடு முடியவில்லை. பாஸ்டன் ஹண்டரை உடனே விடுவித்தது, அவர் நேராக டெட்ராய்டுக்கே திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார். இன்றைய விதியில் இது நடக்காது. ஹண்டரும் ஜேம்ஸும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தால் எதிரணிக்குப் பந்தை முன்னால் கொண்டுவருவதே பெரும்பாடாகிவிடும்.

மார்ச்சில் கணக்கு தெரிந்தது. தொடர்ச்சியாக ஐந்து ஆட்டங்களில் எதிரணியை 70 புள்ளிக்குள் சுருட்டியது டெட்ராய்ட். 24 நொடிக் கடிகாரம் வந்த பிறகு எந்த அணியும் அதுவரை செய்யாத காரியம். பருவம் 54 வெற்றியோடு முடிந்தது. பிளே-ஆஃப் முதல் சுற்றில் மில்வாக்கி ஐந்து ஆட்டத்தில் வெளியே போனது. அடுத்து நியூஜெர்சி. முந்தின ஆண்டு இதே டெட்ராய்டை 4–0 என்று துடைத்தெறிந்த அணி. முதல் ஆட்டத்தில் அவர்களை 56 புள்ளியில் அடக்கியவர்கள், ஐந்தாவது ஆட்டத்தை மூன்று கூடுதல் நேரம் வரை இழுத்துத் தோற்றார்கள். ஏழாவது ஆட்டத்தில் 90–69 என்று முடித்துவைத்தார்கள்.

கிழக்கு இறுதியில் எதிரே நின்றது இந்தியானா. 61 வெற்றியோடு அந்தப் பருவத்தில் நாட்டிலேயே முதலிடம். பெஞ்சில் டுமார்ஸ் வெளியேற்றிய கார்லைல். களத்தில் 38 வயதிலும் கடைசி நிமிடத்துக்காகக் காத்திருக்கும் ரெஜி மில்லர். முதல் ஆட்டம் முழுக்க எறிந்ததெல்லாம் தவறிப்போன மில்லர், கடைசி நிமிடத்தில் ஒரு மூன்று புள்ளி போட்டார். இந்தியானா 78, டெட்ராய்ட் 74. அந்த ஆட்டத்தில் ரஷீத் எடுத்தது வெறும் 4 புள்ளி.

வேறொருவராக இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார். ரஷீத் செய்தியாளர்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னதுபோல, இரண்டாவது ஆட்டத்தில் ஜெயிப்பது உறுதி என்று அறிவித்தார். ஒருமுறையல்ல, பலமுறை. நாளிதழ்கள் அதைத் தூக்கி முதல் பக்கத்தில் போடச் சொல்லியும் கேட்டுக்கொண்டார்.

மே 24, இண்டியானாபொலிஸ். உறுதி கொடுத்தவர் 19 முறை எறிந்தார், கூடையில் விழுந்தது 4. ஆனாலும் கடைசி அரை நிமிடத்தில் டெட்ராய்ட் இரண்டு புள்ளி முன்னால் இருந்தது. பந்தும் அவர்களிடமே இருந்தது. அதை அப்படியே வைத்துக்கொண்டு கடிகாரத்தை ஓட்டினால் போதும்.

பந்து கைநழுவியது. ஒரு நொடியில் இந்தியானாவின் கைக்குப் போய், முன்னால் ஓடிக்கொண்டிருந்த மில்லரிடம் சேர்ந்தது. அவருக்கும் கூடைக்கும் நடுவே ஒருவரும் இல்லை. இப்படிப்பட்ட தனி ஓட்டத்தில் ஆயிரம் முறை கூடையில் போட்டவர், அவசரமில்லாமல் காலை எடுத்து வைத்தார். பின்னால் வெகு தூரத்திலிருந்து ஓர் ஒல்லி உருவம் ஓடி வந்துகொண்டிருந்தது.

மில்லர் எம்பினார். பலகையில் டெட்ராய்ட் 69, இந்தியானா 67.

(தொடரும்)