இரண்டு சாவி

போன மாதம் மகள் போன் பண்ணினாள். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். முதல் வருஷம். இந்த செமஸ்டரில் சைபர் செக்யூரிட்டி என்று ஒரு பேப்பராம். "அப்பா, நீங்க பேங்க்தானே, இந்த 'செப்பரேஷன் ஆஃப் பிரிவிலேஜ்' னா என்னன்னு சொல்லுங்க" என்றாள். நானும் பி.காம்.தான். நான் படித்தபோது கம்ப்யூட்டர் லேப் வாசலில் செருப்பைக் கழற்றி வைக்கச் சொன்னார்களே தவிர, இப்படியெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. நோட்ஸை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லி, மஸ்கட்டில் ஒரு வெள்ளிக்கிழமை காலை முழுக்க உட்கார்ந்து படித்தேன்.

படிக்கப் படிக்க ஆச்சரியம். இது நமக்குத் தெரிந்த சமாச்சாரம்!

1975-ல் அமெரிக்காவின் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இருவர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் தகவலை எப்படிப் பாதுகாப்பது என்பதற்கு எட்டு விதிகள் சொன்னார்கள். ஐம்பது வருஷம் ஆகியும் பாடப்புத்தகங்கள் அந்த எட்டையும் விடவில்லை. அதில் ஒன்றுதான் மகள் கேட்டது. ஒரே ஆளிடம் முழு அதிகாரமும் இருக்கக்கூடாது, பூட்டுக்கு இரண்டு சாவி இருக்க வேண்டும், இரண்டும் வேறு வேறு கையில் இருக்க வேண்டும். இதற்கு அவர்கள் கொடுத்த உதாரணம் என்ன தெரியுமா? பேங்க் லாக்கர்! (இன்னொரு உதாரணம் அணுகுண்டு. அது நமக்கு வேண்டாம்.)

நான் 2003-ல் மார்த்தாண்டத்தில் ஒரு கிளையில் கிளார்க்காகச் சேர்ந்தபோது முதலில் கற்றுக்கொண்டதே அதுதான். ஸ்ட்ராங் ரூம் திறக்க கேஷியர் ஒரு சாவி, ஆபீசர் ஒரு சாவி. ஒருவர் வராவிட்டால் கதவு திறக்காது. கவுண்டரில் கூட்டம் கத்தும். "இவ்வளவு வருஷம் சர்வீஸ் போட்ட மனுஷனை நம்ப மாட்டீங்களா?" என்று எங்கள் தலைமைக் கேஷியரிடம் ஒருநாள் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "மக்கா, இந்த ரெண்டாவது சாவி பணத்துக்குக் காவல் இல்ல. எனக்குக் காவல். நாளைக்கு ஒரு கட்டு குறைஞ்சா நான் மட்டும் எடுக்க முடியாதுன்னு சொல்ல இது ஒண்ணுதான் சாட்சி."

அந்தப் பேச்சை மறந்துவிட்டேன். அதற்கு விலை கொடுத்தவன் நான் இல்லை. அந்தக் கதை பிறகு.

பல்கலைக்கழகங்களில் இந்தப் பாடம் வளர்ந்த விதம் ஒரு அப்பா மகன் கதை. பெல் லேப்ஸில் இருந்த ராபர்ட் மோரிஸ், கென் தாம்சனோடு சேர்ந்து 1979-ல் பாஸ்வேர்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 3,289 பாஸ்வேர்டுகளை எடுத்துப் பார்த்ததில் 86 சதவீதம் சுலபமாகக் கண்டுபிடிக்கக் கூடியவை. ரொம்பச் சின்னதாக இருந்தன, அல்லது அகராதியில், பெயர்ப் பட்டியலில் இருக்கிற சொல்லாக இருந்தன. ஒன்பது வருஷம் கழித்து, 1988 நவம்பர் 2 அன்று, அவருடைய மகன், கார்னெல் பல்கலைக்கழக மாணவர், இன்டர்நெட்டில் ஒரு புழுவை அவிழ்த்துவிட்டார். அது மற்ற கம்ப்யூட்டர்களுக்குள் நுழைய வைத்திருந்த வழிகளில் ஒன்று, சுலபமான பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது. அப்பா எச்சரித்த அதே ஓட்டை! அந்தக் காலத்து இன்டர்நெட்டில் இருந்த சுமார் 60,000 கம்ப்யூட்டர்களில் 6,000 வரை முடங்கியதாகக் கணக்குச் சொன்னார்கள். மகனுக்கு 1990-ல் தண்டனை: மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரம் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பின்னாளில் அவரே எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஆனார். அந்தப் புழு வந்த அதே மாதம் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட அவசரங்களைக் கவனிக்க ஒரு குழு தொடங்கியது. நம் நாட்டில் 'செர்ட்-இன்' தொடங்கியது 2004-ல்.

இன்னொரு மாணவர் மணிலாவில். 'ஐ லவ் யூ' வைரஸ் ஞாபகம் இருக்கிறதா? 2000 மே 4. அப்போது மெயில் வைத்திருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதை எழுதிய ஒனெல் டி குஸ்மான் ஒரு கம்ப்யூட்டர் கல்லூரி மாணவர். காசில்லாதவர்களும் இன்டர்நெட் பார்க்க, மற்றவர்களின் பாஸ்வேர்டை எடுக்கும் புரோகிராம் எழுதுகிறேன் என்று அவர் கொடுத்த ஆய்வுத் திட்டத்தைக் கல்லூரி நிராகரித்தது. நிராகரித்தது சரிதான். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வேறு பக்கம் திருப்பிவிட அங்கே ஒரு வகுப்பு இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வைரஸ் பரவிய பிறகு பார்த்தால் பிலிப்பைன்ஸில் அவர்மேல் வழக்குப் போடச் சட்டமே இல்லை. அடுத்த மாதமே சட்டம் வந்தது, ஆனால் நடந்து முடிந்ததற்கு அது செல்லாது. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் அதே வருஷம் அக்டோபர் 17-ல்தான் அமலுக்கு வந்தது.

நம் பக்கம் படிப்பு தொடங்கியது 2005 வாக்கில். மத்திய அரசு தகவல் பாதுகாப்புக் கல்விக்கென்று ஒரு திட்டம் போட்டு, ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் பாடமும் பயிற்சியும் கொண்டுவந்தது. அதே காலத்தில் கோயம்புத்தூர் எட்டிமடையில் அமிர்தா பல்கலைக்கழகத்தில் சைபர் பாதுகாப்புக்குத் தனி மையமும், பிறகு எம்.டெக்.கும் வந்தன. அவர்களுடைய கொல்லம் பக்கத்து வளாகப் பிள்ளைகள் 'பயோஸ்' என்ற பெயரில் உலகப் போட்டிகளில் ஒரு கை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் இருந்த ஐ.ஐ.ஐ.டி.எம்.-கே. 2020-ல் டிஜிட்டல் பல்கலைக்கழகமாகவே ஆகிவிட்டது. எங்கள் குளத்தூரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். இதெல்லாம் கம்ப்யூட்டர் படிப்பவர்களுக்கு. பி.காம்., பி.ஏ. படிக்கும் பிள்ளைகளும் படிக்கலாம் என்று யு.ஜி.சி. பாடத்திட்டம் வெளியிட்டது 2022 அக்டோபரில்தான்.

தாமதம்தான். அதற்குள் நம் பேங்குகள் நிறையப் பட்டுவிட்டன. நான் இருக்கும் இந்த மஸ்கட்டிலேயே, நான் வருவதற்கு முன், 2013 பிப்ரவரியில் நடந்தது உலகமே பேசிய விஷயம். ஒரு பேங்கின் பன்னிரண்டே கார்டு கணக்குகள். கார்டு கணக்குகளைக் கையாண்ட நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குள் புகுந்து எடுப்பு வரம்பை நீக்கிவிட்டார்கள். 24 நாடுகளில் சுமார் 36,000 தடவை எடுத்து, ஏறக்குறைய பத்து மணி நேரத்தில் 4 கோடி டாலர் போயிற்று. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தின் சிட்டி யூனியன் பேங்க். 1904-ல் தொடங்கிய பேங்க். அவர்கள் அனுப்பாத மூன்று உத்தரவுகள் 'ஸ்விஃப்ட்' வழியாக வெளிநாட்டுக்குப் போயிருந்தன, ஏறக்குறைய 20 லட்சம் டாலர். கண்டுபிடித்தது எது? பெரிய சாஃப்ட்வேர் ஒன்றும் இல்லை. கணக்கைச் சரிபார்த்து டேலி பண்ணும்போது மூன்று தொகை இடித்தது. துபாய்க்குப் போன ஐந்து லட்சம் டாலர் உடனே தடுக்கப்பட்டது. நாம் பி.காம். முதல் வருஷம் படித்த 'பேங்க் ரீகன்சிலியேஷன்'தான் சார்! மகளிடம் இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது :-)

அப்போதுதான் அவள் கேட்டாள், "அப்பச்சியம்மை கார்டை நீங்க எப்படி வச்சிருந்தீங்க?"

சொல்கிறேன். எங்கள் குளத்தூர் கேரளத்தில் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு அந்தப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா இந்தப் பக்கம் நின்றது. பேங்க் பேப்பர் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் வரும். அம்மைக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். நான் வெளிநாடு வந்த பிறகு ஏ.டி.எம். கார்டு வாங்கிக் கொடுத்தேன். நாலு எண் மறந்துபோகும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கார்டு உறைக்குள்ளேயே வைத்தேன். பக்கத்து வீட்டுப் பையன் பாறசாலைக்கோ உச்சக்கடைக்கோ சைக்கிளில் போய் எடுத்துவந்து கொடுப்பான். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். பைசா பாக்கியில்லாமல் கொடுப்பான்.

ஒரு ஓணத்தின்போது கணக்குப் பார்த்தால் 10,000 ரூபாய் இடிக்கிறது. களியக்காவிளையில் ஒரு மெஷினில் எடுத்திருக்கிறது. ஸ்டேட்மென்டில் தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது. யார் என்பது மட்டும் இல்லை. அம்மை எடுக்கச் சொன்ன ஞாபகம் இல்லை என்றாள். அந்த வாரம் வீட்டில் கல்யாணக் கூட்டம், கார்டு சாமி படத்துக்குக் கீழே கிடந்தது, யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். நான் போனில் பையனிடம் கேட்டேன். திட்டவில்லை. கேட்டேன், அவ்வளவுதான். "இல்ல அண்ணா" என்றான். அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. ஊரில் என்ன பேசினார்களோ, அவன் அம்மாவும் என் அம்மையோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

பேங்கில் ஒரு கிளார்க் அப்படிக் கார்டையும் எண்ணையும் ஒன்றாக வைத்திருந்தால் நானே மெமோ கொடுத்திருப்பேன். இரண்டு சாவியையும் ஒரே உறையில் போட்டு, ஒரு பதினேழு வயதுப் பையன் கையில் கொடுத்துவிட்டு, அவனிடம் போய்க் கணக்குக் கேட்டிருக்கிறேன். 'நான் எடுக்கவில்லை' என்று காட்ட அவனுக்கு ஒரு வழிகூட நான் விட்டுவைக்கவில்லை. பணம் யார் எடுத்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இப்பவும் அப்படித்தானா?" என்றாள். இப்போது இல்லை. கார்டு அம்மையிடம், எண் என் தங்கையிடம். ஓ.டி.பி. கேட்டு யார் கூப்பிட்டாலும், போலீஸ் என்று வீடியோவில் வந்து நின்றாலும், போனை வைத்துவிட்டுத் தங்கையைக் கூப்பிட வேண்டும். பணம் போய்விட்டால் உடனே 1930. அந்த எண்ணைக் காலண்டரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது. (உங்கள் வீட்டிலும் இன்றைக்கே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், உறைக்குள் காகிதம் இருக்கிறதா என்று.)

"அந்த அண்ணன்கிட்ட பேசினீங்களா?"

பேசவில்லை. பதினான்கு வருஷம் ஆகிறது. களியக்காவிளையில் மொபைல் கடை வைத்திருக்கிறான் என்று தங்கை சொன்னாள். ஆகஸ்டில் லீவு. டிக்கெட் போட்டுவிட்டேன். அம்மைக்கு ஒரு புது போன் வேண்டும், அவன் கடையில்தான் வாங்கப் போகிறேன். மகளும் வருகிறாளாம்.